பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்: மோட்டார் சைக்கிள் சார்ஜிங் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

"பேட்டரி கொங் ஆயிருச்சு, மாத்துங்க" என்று பட்டறையில் சொன்னால் அது பாதிப் பதில்தான். ஏன் கொங் ஆனது (செத்தது) என்பது மீதிப் பாதி. அதைக் கேட்காமல் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தால், இரண்டு மாதத்தில் அதே கடை வாசலில் மறுபடியும் நிற்க வேண்டிவரும்.

மோட்டார் பேட்டரி சாவதற்குக் காரணங்கள் அதிகமில்லை. அதன் ஆயுள் முடிந்திருக்கும். அல்லது எஞ்சின் ஓடும்போது அதற்குச் சரியாகச் சார்ஜ் ஏறாது, இல்லையென்றால் தேவைக்கு மேல் ஏறும். அல்லது நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதோ ஒன்று மெல்ல மெல்லக் கரண்டை உறிஞ்சும். இவற்றைப் பிரித்தறிய மூன்று அளவுகள் போதும்: வண்டி ஓய்வில் இருக்கும்போது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது, எஞ்சின் ஓடும்போது. வரிசை மாறக்கூடாது. அரைகுறை சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதித்தால் வரும் எண்கள் உங்களையே ஏமாற்றும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். வன்பொருள் கடையில் முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைப்பதே போதும். ஆனால் அதில் டி.சி. வோல்ட், ஏ.சி. வோல்ட், ஓம், டையோடு சோதனை, 10 ஆம்பியர் டி.சி. ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான சிலவற்றில் ஆம்பியர் துளை இருக்காது. அது இல்லாமல், வண்டி நிற்கும்போது கரண்ட் உறிஞ்சப்படும் கசிவைப் பிடிக்க முடியாது.

இவற்றோடு 8, 10 எம்.எம். ஸ்பேனர், பிளஸ் ஸ்க்ரூடிரைவர், மெல்லிய மணல்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. சார்ஜர் வாங்குவதாக இருந்தால் மோட்டாருக்கென்றே வரும் 0.5 அல்லது 1 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர். கார் சார்ஜரை இரவல் வாங்காதீர்கள்; காரணம் பின்னால் வரும்.

மீட்டரைத் தொடும் முன் கண்ணால் பாருங்கள்

பேட்டரி சில வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும், சிலவற்றில் பக்கக் கவருக்குள்ளும் இருக்கும். கழற்றுவதாக இருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். வண்டியின் சட்டம் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் திருகில் வைத்த ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் நேர் ஷார்ட், தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அந்தத் தீப்பொறி விளையாட்டல்ல. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு படிந்திருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, மணல்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேயுங்கள். திருகைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுவே உங்கள் கோளாறாக இருக்கலாம். பட்டர்வொர்த், ஜெலுத்தோங் போலக் கடலோரத்தில் வண்டி நிற்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். உப்புக்காற்று வயரின் ரப்பருக்குள்ளேயே புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். வெளியே பார்க்க வயர் நன்றாகத்தான் இருக்கும். வளைத்தால் விறைப்பாக, உள்ளே நொறுநொறுவென்று இருக்கும்.

அடுத்தது மெயின் ஃபியூஸ். ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அது உட்காரும் தாடையையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸோ சிகரெட் காகித ஈயத்தாளோ போட்டால், அடுத்த முறை எரியப்போவது வயரிங்.

பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அந்த பேட்டரி முடிந்தது. ஆனால் புதியதைப் போடாதீர்கள். அது அதிகச் சார்ஜின் அடையாளம். நேராக 15 வோல்ட் பகுதிக்குப் போங்கள்.

தண்ணீர் பேட்டரி என்றால் ஆறு அறையிலும் மட்டம் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் பெட்ரோல் நிலையத்தில் விற்கும் பேட்டரி வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், குடிக்கும் மினரல் வாட்டர், ஆசிட் எதுவும் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சீல் வைத்த டிரை பேட்டரியின் மூடியைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது ஒரு வைத்தியமே அல்ல.

முதல் அளவு: ஓய்வில் எவ்வளவு?

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியைப் போடும் முன் அளக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஒட்டிக்கொண்டு எண்ணைக் கூட்டிக் காட்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள்.

டிரை பேட்டரியில் 12.8 அல்லது அதற்கு மேல், தண்ணீர் பேட்டரியில் 12.6 அளவில் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2-இல் பாதி போய்விட்டது. 12.0-க்குக் கீழே கிட்டத்தட்ட காலி. இப்படிக் காலியாகவே நாட்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

10.5 வோல்ட் பக்கத்தில் நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் கணக்கு எளிது. ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஓர் அறை ஷார்ட் ஆகிச் செத்திருக்கிறது. அதற்கு மருந்தில்லை.

லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அது நல்ல நிலையில் 13.2, 13.3 என்று காட்டும். 12.8 கண்டால் மகிழ வேண்டாம், பெரும்பகுதி காலி.

12.4-க்குக் கீழே இருந்தால் இங்கேயே நிறுத்தி, சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாவது அளவு: ஸ்டார்ட்டர் சுற்றும்போது

ஓய்வு வோல்டேஜ் நன்றாக இருப்பது பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றல்ல. பளு வந்தால்தான் குணம் தெரியும். மீட்டர் முனைகளை பேட்டரியிலேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டர் பட்டனை மூன்று விநாடி அழுத்தச் சொல்லுங்கள். எண் 10-க்கு மேல் நின்றால் பேட்டரி தேறியது. 9.5 எல்லைக்கோடு. ஓய்வில் 12.7 காட்டிய பேட்டரி பட்டனை அழுத்தியதும் 8, 7 என்று சரிந்தால் உள்ளே பலமில்லை. இதைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பட்டனை அழுத்துகிறீர்கள், ஒரே ஒரு 'டிக்', ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, ஆனால் மீட்டர் 12.5-இலேயே அசையாமல் நிற்கிறது. பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியேறவே இல்லை என்று அர்த்தம். ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயின் உள்முனை கரிந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், எர்த் வயர் (பேட்டரி மைனஸை எஞ்சினோடும் சட்டத்தோடும் இணைப்பது) விட்டிருக்கலாம். இந்த நிலையில் பேட்டரியை மாற்றினால் காசுதான் போகும். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் கதை வேறு: ரிலே ஒட்டும்போதே வோல்டேஜ் சரிந்து ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. அது பலமில்லாத பேட்டரி அல்லது தளர்ந்த டெர்மினல்.

எர்த்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும், சிவப்பை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி இரு முனையையும் தேய்த்து இறுக்குங்கள்.

மூன்றாவது அளவு: எஞ்சின் ஓடும்போது

வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். அடுக்குமாடி நடைபாதையிலோ மூடிய கராஜிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது கார்பன் மோனாக்சைடை விலைக்கு வாங்குவது. இரட்டை ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், ஐந்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்குங்கள். ஹெட்லைட் எரியட்டும். மலேசியாவில் 1992 முதல் மோட்டாருக்குப் பகலிலும் விளக்கு கட்டாயம். ஆகவே விளக்கு எரியும் நிலைதான் உங்கள் வண்டியின் உண்மையான நிலை. மீட்டரையும் வயரையும் பிளக் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் எண்கள் துள்ளும்.

ஐடிலிங்கில் 13 வோல்ட் பக்கம் காட்டினால் கவலை வேண்டாம். மெல்ல த்ராட்டிலை முறுக்குங்கள். நிமிடத்துக்கு 5000 சுற்றில் 13.8 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். சுற்று காட்டும் மீட்டர் இல்லாத கப்சாயில் (சிறிய கியர் மோட்டாரில்), வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் ஏறாமல் நிற்கும். அந்த இடத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யத் தொடங்கிய இடம் அது.

முறுக்க முறுக்க எண் அசையாமல் ஓய்வு வோல்டேஜிலேயே நின்றால், அல்லது இன்னும் இறங்கினால், சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அதிகச் சார்ஜ். 13-க்கும் 16-க்கும் நடுவே தாறுமாறாகக் குதித்தால் முதலில் எர்த்தையும் சோக்கெட்டையும் (வயர்கள் இணையும் பிளக்) சந்தேகியுங்கள்.

ஒரு பழைய 'சோதனை'யை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜிங் சரி என்பார்கள். செய்யாதீர்கள். பேட்டரி இல்லாத நேரத்தில் வோல்டேஜ் எகிறி பல்பும், ரெகுலேட்டரும், இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வும் போகும். மேலும் பழைய கார்புரேட்டர் கப்சாய் பலவற்றில் இக்னிஷனுக்கு எஞ்சினுக்குள் மின்சாரம் செய்யும் காயிலிலிருந்தே தனியாகக் கரண்ட் போகிறது. சார்ஜிங் செத்திருந்தாலும் எஞ்சின் நிற்காது. சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

13.5-க்கு மேல் ஏறவில்லை என்றால்

இங்கேதான் அவசரப்பட்டு ரெக்டிஃபையரை (காயிலின் ஏ.சி.யை டி.சி. ஆக்குவது; ரெகுலேட்டரும் பெரும்பாலும் அதற்குள்தான்) மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

முதல் இடம், காயிலுக்கும் ரெக்டிஃபையருக்கும் நடுவிலுள்ள சோக்கெட். ஹோண்டாவில் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள், யமஹாவில் மூன்று வெள்ளை. இந்த சோக்கெட் அடிக்கடி கருகுவதற்குக் காரணம் உண்டு. காயிலைச் சுற்றிச் சுழலும் மேக்னெட் நிரந்தரக் காந்தம். எஞ்சின் சுற்றும் வரை அது மின்சாரம் செய்வதை நிறுத்த முடியாது. தேவைக்கு மேல் வருவதைப் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் காயிலுக்கே திருப்பி ஷார்ட் செய்து சூடாகக் கழிக்கின்றன. ஆகவே விளக்கை அணைத்தாலும் அந்த மூன்று வயரில் கரண்ட் குறைவதில்லை. அதில் ஒரு பின் கொஞ்சம் தளர்ந்தால் போதும். அங்கே சூடு, சூட்டில் பின் இன்னும் தளரும், பிளாஸ்டிக் உருகும். சோக்கெட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேநீர்க் கறை போலப் பழுப்பு வளையம் தெரியும், அந்தப் பின் மங்கிக் கறுத்திருக்கும். சிலசமயம் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. அப்படியானால் வேறு சோதனை தேவையில்லை; கருகிய பகுதியை வெட்டி, நல்ல செம்பு தெரியும் வரை பின்னுக்குப் போய், தரமான புது சோக்கெட் போட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் அதே இடம் கருகும்.

இரண்டாவது இடம், ரெக்டிஃபையரிலிருந்து பேட்டரிக்குப் போகும் பாதை. எஞ்சினை 5000 சுற்றில் வைத்து, ஒரு முனையை ரெக்டிஃபையரின் சிவப்பு வயரிலும் மற்றதை பேட்டரி பிளஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இழப்பு. பெரும்பாலும் ஃபியூஸ் தாடை. அதேபோல ரெக்டிஃபையரின் எர்த் வயருக்கும் (ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு) பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் காயிலுக்கு வாருங்கள். மூன்று வயர் வகையில் செய்முறை இது:

1. எஞ்சினை நிறுத்தி சோக்கெட்டைப் பிரியுங்கள். மீட்டரை ஓமில் வைத்து முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறியுங்கள். மலிவு மீட்டரில் அதுவே 0.3, 0.4 இருக்கும். எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும்.
2. காயில் பக்கத்து மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண், 1 ஓமுக்குள். எண்கள் சமமாக இல்லாவிட்டால் காயிலில் பழுது.
3. ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே அளங்கள். தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது.
4. சோக்கெட் பிரிந்த நிலையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏ.சி. 200 வோல்ட்டில் வைத்து மூன்று ஜோடியையும் ஒரே வேகத்தில் அளங்கள். சுற்று கூடக் கூட வோல்டேஜும் கூட வேண்டும். பல வண்டிகளில் 5000 சுற்றில் 50-க்கு மேல் வரும். எவ்வளவு என்பதைவிட மூன்றும் சமமாக இருப்பதுதான் முக்கியம். இந்த நேரத்தில் வெறும் முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

காயில் சூடான பிறகுதான் பழுதாகும் வகையும் உண்டு. குளிரில் சரியாக இருந்து இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் சார்ஜ் நின்றால், ஓட்டிவிட்டு வந்த சூட்டிலேயே 2, 3, 4 ஆகியவற்றை மறுபடி செய்யுங்கள்.

இப்போது பழைய கப்சாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய கார்புரேட்டர் ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்ற வண்டிகளில் மூன்று வயர் கிடையாது. சார்ஜிங்குக்கு ஒரு வெள்ளை, விளக்குக்கு ஒரு மஞ்சள். காயிலின் மறுமுனை எஞ்சின் உடலிலேயே எர்த் ஆகியிருக்கும். இங்கே வயருக்கும் உடலுக்கும் தொடர்பு இருப்பதுதான் சரியான நிலை! வெள்ளைக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 1.1 ஓம், மஞ்சளுக்கும் எர்த்துக்கும் 0.1 முதல் 1 ஓம் இருக்க வேண்டும். மூன்று வயர் வண்டிக்கான காணொளியைப் பார்த்துவிட்டு நல்ல காயிலை 'எர்த் அடிக்குது' என்று தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த வகையில் ஹெட்லைட்டும் நேராகக் காயிலிலிருந்தே எரிவதால் ஐடிலிங்கில் மங்கும், முறுக்கினால் பிரகாசிக்கும். அது கோளாறல்ல, அமைப்பே அப்படி.

முன்பு வைத்திருந்தவர் எல்.இ.டி. விளக்குக்காக 'ஃபுல் வேவ்' மாற்றம் (காயிலின் முழு ஏ.சி.யையும் டி.சி. ஆக்குவது) செய்திருந்தால் காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனி வயராக வெளியே எடுத்திருப்பார்கள். அந்த வண்டியில் வயர் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்த பிறகே அளங்கள்.

காயில் தேறிவிட்டது, சோக்கெட்டும் பாதையும் சரி, இருந்தும் சார்ஜ் இல்லை. இப்போதுதான் ரெக்டிஃபையர் குற்றவாளி. டையோடு சோதனையில் சிவப்பு முனையைக் காயில் வயர் பின்னிலும், கறுப்பை ரெக்டிஃபையரின் பிளஸ் பின்னிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வரை காட்டும், முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றும் காட்டாததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில ரெக்டிஃபையர்களில் டையோடுக்குப் பதில் தைரிஸ்டர் இருக்கும், அது ஓடும்போதுதான் திறக்கும்.

ரெக்டிஃபையரை வீட்டிலேயே மாற்றலாம். இரண்டு போல்ட், ஒரு சோக்கெட், அவ்வளவுதான். அது உட்காரும் உலோகத் தளத்தைச் சுத்தம் செய்து இறுக்கமாக மாட்டுங்கள். சூடு அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். காயிலை மாற்றுவது வேறு வேலை. பெரும்பாலான கப்சாயில் இடதுபக்கக் கவருக்குள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும். கேஸ்கெட், எண்ணெய் எல்லாம் புதிதாக வேண்டும். அதை ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) விடுவதே நல்லது. "அண்ணே, மூணு ஜோடியில ஒண்ணு மட்டும் ஏ.சி. பாதிதான் வருது, காயிலப் பாருங்க" என்று எண்ணோடு போய் நின்றால் அவர் வேலையும் சுருங்கும், தேவையில்லாத பொருளும் பில்லில் ஏறாது.

15-ஐத் தாண்டினால்

பல்பு அடிக்கடி எரிவது, தண்ணீர் பேட்டரியில் மட்டம் மளமளவென்று இறங்குவது, பேட்டரி உப்புவது எல்லாம் இதன் அறிகுறிகள். ரெகுலேட்டர் போயிருக்கலாம். ஆனால் சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜை வேவு பார்க்க ரெகுலேட்டருக்கு ஒரு தனி வயர் உண்டு. ஹோண்டாவில் பெரும்பாலும் கறுப்பு, சாவி வழியாக வரும். சாவி சுவிட்ச் துருப்பிடித்து அந்த வயரில் 0.8 வோல்ட் இழப்பு ஏற்பட்டால், பேட்டரி அவ்வளவு குறைவாக இருப்பதாக ரெகுலேட்டர் நம்பி அதே அளவு கூடுதலாக ஏற்றும். சாவியைப் போட்டு அந்தக் கறுப்பு வயரின் வோல்டேஜையும் பேட்டரி வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். 0.3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் சாவி சோக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள். சரியாகும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

சார்ஜிங் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் கொங்

இது கசிவு. அலாரம், ஜி.பி.எஸ். கருவி, பேட்டரியிலிருந்து நேராக இழுத்த யு.எஸ்.பி. சார்ஜர், இவைதான் வழக்கமான ஆட்கள்.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் நடுவே மீட்டரைப் பாலமாக வையுங்கள். எண் மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்குங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட்டரைத் தொடவோ கூடாது; மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போகலாம். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டு பேட்டரியில் வோல்ட் பார்க்கப் போனால் நேர் ஷார்ட்.

கூடுதல் பொருள் எதுவும் மாட்டாத வண்டியில் 1 மில்லி ஆம்பியர் அளவில்தான் இருக்க வேண்டும். அலாரம் இருந்தால் சில மில்லி ஆம்பியர் கூடும். 20 காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.5 ஆம்பியர் மணி (1 ஆம்பியரை மூன்றரை மணி நேரம் தரும் கொள்ளளவு) பேட்டரி 175 மணி நேரத்தில், அதாவது ஏழு நாளில் சுத்தமாகக் காலி. ஸ்டார்ட் ஆக மறுப்பது அதற்கு வெகு முன்பே. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் வண்டி கிளம்பாததன் மர்மம் இதுதான்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: முதலில் பிற்பாடு வாங்கி மாட்டிய பொருட்கள், பிறகு ஃபியூஸ்கள், கடைசியில் ரெக்டிஃபையர் சோக்கெட். எதைக் கழற்றியதும் எண் சரிகிறதோ அதுதான் ஆள். ரெக்டிஃபையரைக் கழற்றியதும் சரிந்தால், சார்ஜ் நன்றாகவே ஏற்றினாலும் அதன் டையோடு பின்னுக்குக் கசிகிறது, மாற்ற வேண்டும்.

கசிவும் இல்லை என்றால் ஓட்டும் முறையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 50 ஆம்பியரை மூன்று விநாடி இழுத்தாலும் செலவு 0.04 ஆம்பியர் மணிதான். அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் உணவு டெலிவரி செய்யும் தம்பி, கடை வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டு வைத்து, பேட்டரியிலிருந்து எரியும் 35 வாட் ஹெட்லைட்டோடும் பின் விளக்கோடும் 15 நிமிடம் காத்திருந்தால் 0.8 ஆம்பியர் மணி போகிறது. 3.5 ஆம்பியர் மணி பேட்டரியில் கால்வாசி. திரும்ப ஏற்றுவதற்கு எவ்வளவு ஓட்ட வேண்டும்? பேட்டரிக்குள் நிகரமாக 1 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கால் மணி நேரத்தில் ஒரே சீராகக் கடந்தாலும் வருவது 0.25 தான். நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும் நேரமோ கணக்கிலேயே சேராது. காத்திருக்கும்போது சாவியை எடுத்துவிடுங்கள். கைப்பேசிக்கு பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரில் போடும்போது

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பதுதான் விதி. 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், காலியிலிருந்து நிறைய 10 முதல் 12 மணி நேரம். கார் சார்ஜரின் 6, 10 ஆம்பியர் உள்ளே போனால் சின்ன பேட்டரி கொதித்துத் தகடு வளையும். 'அரை மணியில் ஏற்றித் தருகிறேன்' என்பது உதவியல்ல. தண்ணீர் பேட்டரியின் மூடிகளைத் திறந்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்றுங்கள். முதலில் கிளிப்புகளை மாட்டி அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு எடுங்கள். ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏற்றி முடித்து பேட்டரியை எதிலும் மாட்டாமல் 12 மணி நேரம் வைத்துவிட்டு அளங்கள். 12.4-க்குக் கீழே தானாக இறங்கியிருந்தால் அதன் காலம் முடிந்தது. நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருடம் உழைத்த பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

புதியது வாங்கும்போது

பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட குறியீட்டையே கேளுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் மாறி, வயரை இழுத்துத் தவறாக மாட்டினால் ஃபியூஸோடு ரெக்டிஃபையரும் போகும். அதிக ஆம்பியர் மணி பேட்டரி போட்டால் சார்ஜிங் கோளாறு தீராது, கொஞ்ச நாள் தள்ளிப்போகும்.

ஆசிட் தனிப் பெட்டியாக வரும் வகையில், ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் குமிழ் அடங்கக் காத்திருந்து, மூடியை அழுத்தி, முதல் சார்ஜை முழுதாகப் போட வேண்டும். கடையில் ஊற்றிய கையோடு மாட்டி அனுப்பிவிட்டால் அந்த பேட்டரி கடைசி வரை தன் முழுக் கொள்ளளவை எட்டாது. அவசரமில்லை என்றால் வீட்டுக்கு வாங்கி வந்து ஓரிரவு சார்ஜரில் போட்டு மாட்டுங்கள். மாட்டிய அன்றே மூன்றாவது அளவை மறுபடி எடுத்து, எண்ணையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதி பேட்டரி மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஒப்பிட ஒரு அடிப்படை இருக்கும்.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஈய பேட்டரி மலேசியச் சட்டத்தில் எஸ்.டபிள்யூ. 102 என்று எண்ணிட்ட அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவு. வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் விலையில் சில வெள்ளி கழித்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் கழிக்க மாட்டார்கள்.